நீட்டிய கையைத் தட்டாதவர்

யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வேர்க்கடலை நீட்டினால் வாங்கிக்கொள்வார். தேர்தல் சமயத்தில் தெருமுனையில் நிற்கும் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் நோட்டீஸ் வாங்கி, மடித்து, பையில் பத்திரப்படுத்துவார். ஒரு நாள் எங்கள் ஸ்கேன் சென்டரின் வரவேற்பறையில், முன்பின் தெரியாத ஒரு பெண் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தன் கைக்குழந்தையை இவரிடம் நீட்டிவிட்டுப் போனாள். குழந்தை இவர் மடியை நனைத்துவிட்டது. ஈரப் புடவையோடு உள்ளே வந்தவர், "பரவால்லம்மா, பச்சப் புள்ள" என்று சிரித்தார். எரிச்சல் எனக்குத்தான் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், அவர் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சென்டரிலும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆட்டோ அக்கா என்றால் வாட்ச்மேனிலிருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். நாராயணவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலையில் புத்தூருக்கு ஏற்றிப்போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஆட்டோ முதலில் அவர் கணவருடையது. அந்த மனிதருக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் காவல் வேலை கிடைத்ததும், போகிற போக்கில் சாவியை இவரிடம் நீட்டி, "நீ பாத்துக்க" என்றாராம். இவருக்கு அப்போது சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இருந்தாலும் வாங்கிக்கொண்டாராம்.

"ஓட்டத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கலாம். அவுரு கைய நீட்டிக்கினு நிக்கறாரே?" என்றார். பதில் அவ்வளவுதான். பிறகு கற்றுக்கொண்டு, அந்தச் சாலையில் ஒரு கல்கூட அவருக்குத் தெரியாமல் கிடக்காது என்கிற அளவுக்கு ஓட்டினார்.

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். ஊர் நகரி. திருப்பதியில் அந்தச் சென்டரில் படம் எடுக்கும் வேலை. வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு, இயந்திரத்தோடு இங்கிலீஷ் என்று என் நாள் போகும். எங்கள் ஸ்கேனுக்கு வேண்டிய கதிரியக்க மருந்து சென்னையிலிருந்து ஈயப் பெட்டிக்குள் வைத்து வண்டியில் வரும். வருகிற வழியிலேயே அதன் வீரியம் குறைந்துகொண்டே இருக்கும், அதனால் வந்தவுடன் ஊசி போட்டாக வேண்டும். அந்த வண்டிக்காக நான் விடிவதற்கு முன்பே வந்து சென்டர் வாசலில் நிற்பேன். எதிரே மலை நிற்கும் இடத்தில் மேகம் மட்டும் நிற்கும். மேகத்துக்கு நடுவே மலைப்பாதை விளக்குகள் தொங்கும். அந்த நேரத்தில் நான் பாதி தூக்கத்தில்தான் இருப்பேன். அதனாலோ என்னவோ, அவரைப் பற்றி நினைத்தால் எது நடந்தது, எது நான் கனவில் சேர்த்துக்கொண்டது என்று சில சமயம் பிரிக்க முடிவதில்லை. இப்போது நான் திருப்பதியில் இல்லை. அவர் எண்ணும் என்னிடம் இல்லை.

அவருக்கு வந்தது சார்காய்டோசிஸ். உடம்பின் காவல் அணுக்கள் காரணமே இல்லாமல் கூட்டம் கூடி, கடுகு கடுகாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும் நோய். பெரும்பாலும் நுரையீரலில் வரும். விடாத இருமலுக்காகச் சித்தூரில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். மார்பைப் படம் எடுத்து, கழுத்துக் கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதித்து, அவர்தான் அந்தப் பெயரைச் சொல்லி அனுப்பினார். ஆட்டோ அக்காவால் அதை உச்சரிக்க வரவில்லை. "சித்தூருல ஒரு நோவு குடுத்தாங்க" என்றுதான் கடைசிவரை சொல்வார், யாரோ கொடுத்ததை மறுக்க முடியாமல் வாங்கிவந்த மாதிரி.

இருமலோடு நின்றிருந்தால் எங்களிடம் வந்திருக்க மாட்டார். ஒரு நாள் வாசல் தெளிக்கும்போது வாளியோடு கீழே விழுந்திருக்கிறார். கண் விழித்தபோது தலையெல்லாம் சாணித் தண்ணீர். திருப்பதியில் இதய டாக்டர் ஒருவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். நெஞ்சுக்குள் மின்சாரம் போகும் பாதையில் ஓரிடத்தில் தடங்கல். எக்கோவில் ஒன்றும் தெரியவில்லை. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் கொஞ்சம் ஏறியிருந்தது. சார்காய்டோசிஸுக்கென்று பார்க்கிற ஏஸ் என்ற ரத்த அளவோ சாதாரணமாகவே இருந்தது. அது சாதாரணமாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏறியிருந்தாலும் நெஞ்சில்தான் என்று சொல்ல முடியாது. எம்ஆர்ஐயில் இதயச் சுவரில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. அது ஆறிப்போன பழைய தழும்பா, உள்ளே கனன்றுகொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்க எங்களிடம் அனுப்பினார்கள். நெஞ்சில் நோய் உயிரோடு இருந்தால் எந்த நிமிடமும் துடிப்பு தறிகெட்டுப் போகலாம், ஆள் இருந்த இடத்திலேயே சாய்ந்துவிடலாம். அதனால் முடிவு தெரியும்வரை ஆட்டோவைத் தொடக் கூடாது என்று இதய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாள் என்னிடம் வந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நெஞ்சுல இல்லன்னு மட்டும் எழுதிக் குடுத்துடு கண்ணு. புள்ளைங்கள ஏத்தணும்."

"நான் எழுதறது இல்ல அக்கா. படம் எடுக்கறது மட்டும்தான் என் வேல. எழுதறவரு டாக்டர்."

"அப்ப நல்லா எடு."

இந்த ஸ்கேனுக்கு முன்னால் ஒரு பத்தியம் உண்டு. முந்தின நாள் முழுக்கச் சோறு, இட்லி, பால், பழம், இனிப்பு எதுவும் கூடாது. முட்டை, கறி, நெய் மட்டும். பிறகு இரவெல்லாம் பட்டினி. ஏன் என்று அவருக்குப் புரியவைக்க முயன்றேன்.

"நெஞ்சு கொழுப்பையும் துன்னும், சக்கரையையும் துன்னும். சக்கரையே குடுக்காம வெச்சா, நல்லா கீற எடமெல்லாம் கொழுப்பத் துன்னுக்கினு கம்முனு கெடக்கும். நோவு கீற எடம் மட்டும் சக்கரைக்கு அலையும். ஊசில நாங்க ஏத்தறதே ஒரு மாதிரி சக்கரைதான். அத எந்த எடம் இழுத்துக்குதோ அது படத்துல எரியும்."

"அப்ப நோவு கீற எடம்தான் கைய நீட்டும்னு சொல்லு" என்றார். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்கேன் அன்று காலையில் வந்தார். நெற்றியில் திருநாமம் மாதிரி கோடாக வியர்வை. கேள்விகளை ஆரம்பித்தேன்.

"நேத்து இன்னா துன்னீங்க?"

"முட்ட. அப்பால முட்ட. ராத்திரிக்குக் கறி. சோத்துப் பக்கமே போல."

"காலீல?"

"தண்ணி."

"பஸ்ல யாராவது எதாவது குடுத்தாங்களா? வாங்கித் துன்னீங்களா?" அவரைப் பார்த்துப் பழகிவிட்டதால் இதைத் தனியாகவே கேட்டேன்.

"ஒருத்தரு முறுக்கு நீட்டுனாரு. வாங்கிப் பையில போட்டுக்கினேன், துன்னல. இந்தா பாரு" என்று எடுத்தே காட்டினார்.

விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஊசி போட்டு, ஓய்வறையில் படுக்கவைத்தேன். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல், பேசாமல், போனைப் பார்க்காமல் கிடக்க வேண்டும். நீல விளக்கு ஒன்று மங்கலாக எரியும், கம்பளி போர்த்தியிருக்கும், வெளிச் சத்தம் எதுவும் வராது. வெளியிலிருந்து நான் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன், மைக்கில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சிறிது நேரத்தில் மைக்கில் அவர் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். தூங்கிவிட்டிருந்தார். தூக்கத்திலேயே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். "புளிய மரம் வந்துடுச்சி... எறங்கு நைனா, பைய எடுத்துக்க... பாப்பா, தல உள்ள... தல உள்ள..." ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு பிள்ளையாக அந்த இருட்டில் போய்க்கொண்டே இருந்தார். எனக்கும் கண் சொருகியது. ஒரு கணம் நானும் அந்த ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போவது போல இருந்தது. திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தால் அவருடைய வலது மணிக்கட்டு கம்பளிக்குள் திருகிக்கொண்டிருக்கிறது, ஆக்ஸிலேட்டரை முறுக்குவது போல.

"அக்கா, கைய ஆட்டாதீங்க!" என்று மைக்கில் கத்தினேன். பாவம், பிரேக் போட்டது போல எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

படம் வந்தது. வலது முன்கை எரிந்துகொண்டிருந்தது. உழைத்த தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் இதயம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. ஒரு இடம், இரண்டு இடம் என்றில்லை, மொத்தச் சுவரும் ஒரே ஜோதி. டாக்டர் வந்து பார்த்தார்.

"ஏம் தின்னாரம்மா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"ஏமீ தினலேது சார்" என்றேன். எதுவும் சாப்பிடவில்லை என்றுதான் ஆட்டோ அக்கா சொல்லியிருந்தார்.

"இல்ல, ஏதோ உள்ள போயிருக்கு. இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மறுபடி கேளு."

மறுபடி போய்க் கேட்டேன். மறுபடியும் இல்லை என்றார். வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொன்னேன். புத்தூர் பஸ், முறுக்குக்காரர், திருப்பதி பஸ் ஸ்டாண்டு. அங்கே மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம். எல்லோருக்கும் மொட்டை, சந்தனம். ஒரு சின்னப் பெண் குழந்தை இவர் முன்னால் வந்து நின்று கையை நீட்டியது.

"இன்னா குடுத்துச்சி?"

"லட்டு."

"அக்கா!"

"இன்னாம்மா கத்தற? கண்ணுல ஒத்திக்கினு வாயில போட்டுக்கினேன். அவுங்கம்மா இன்னும் கொஞ்சம் பிட்டுக் குடுத்துது. அது பிரசாதம். அத எவளாவது துன்றதுன்னு சொல்லுவாளா?"

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். விரதம் இருப்பவர்கள்கூடப் பிரசாதம் வந்தால் வாயில் போட்டுக்கொள்வார்கள், விரதம் கெட்டதாகக் கணக்கில்லை. சோறு, இட்லி, ஜூஸ், சாக்லேட் என்று எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய எங்களுக்குத்தான், திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு, அது தோன்றவில்லை. டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் சென்டரில் முதல் கேள்வியே, "பிரசாதம் எடுத்துக்கிட்டீங்களா?" என்பதுதான்.

"மொத்த நெஞ்சும் கைய நீட்டிடுச்சா?" என்று கேட்டார் ஆட்டோ அக்கா. அவருக்கு வருத்தம்தான். ஆனால் குழந்தையிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்கிற எண்ணம் அவருக்கு வந்ததாகவே தெரியவில்லை.

மறுபடி எடுக்கச் சில வாரங்கள் தள்ளிப்போயிற்று. அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. இவரைத் தனியாகப் பஸ்ஸில் வரவிட்டால் இந்தப் பிறவியில் படம் எடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. முந்தின நாளே வந்து என் அறையில் தங்கச் சொன்னேன். தனியாக ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். புரட்டாசியில் அவரும் கறி, முட்டை தொடமாட்டார், வீட்டுக்கார அம்மாவும் வாசலில் ஏறவிட மாட்டார். அதனால் டாக்டரிடம் கேட்டு, பன்னீரை நெய்யில் பொரித்துக் கொடுத்தேன். "இது இன்னா, ரப்பரக் கடிக்கற மாதிரி கீது" என்றபடியே, நான் நீட்டியதையெல்லாம் தின்றார்.

சாயங்காலம் படிகளில் காலடிச் சத்தம். வீட்டுக்கார அம்மா கையில் வாழையிலையோடு வந்து நின்றார். நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், பெருமாளுக்குப் படைத்தது. "தீஸ்கோம்மா, பிரசாதம்" என்று இலையை நீட்டினார். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆட்டோ அக்கா எழுந்து நின்று, இரண்டு கைகளையும் ஏந்திவிட்டார். நான் இடையில் புகுந்து, அவர் கைக்கு மேலே என் கையை வைத்து இலையை வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான். வீட்டுக்கார அம்மா முகம் மாறியது. விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ பாவம், நாளைக்கு வந்து சாப்பிடும்மா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆட்டோ அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஏந்திய கை இன்னும் ஏந்தியபடியே இருந்தது.

"ஏன் அக்கா, வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா ஆயிடும்?"

"அவுங்க மூஞ்சி சுருங்கிப் பூடுமேம்மா. அத எப்படி நின்னு பாக்கறது?" என்றார்.

அப்போதுதான் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒன்றை வைத்தால் இன்னொன்று. "ஆமாம்மா... நாளிக்கி ஒரு நாளு மட்டும் வர்ல... நாளன்னிக்கி வந்துடறேன்." எல்லோரும் பிள்ளைகளின் அம்மாக்கள். நான் இலையைக் கீழே வைத்தேன்.

"ஆட்டோ ஓட்டிக்கினுதான் கீறீங்களா?"

போனைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

"டாக்டர் வேணாம்னாருல்ல?"

"சொன்னாரு. சரின்னேன். ஊட்டுக்குப் போனா ஒரு புள்ளயோட அம்மா கையப் புடிச்சிக்கினு கேக்குது, பரிச்ச நேரம் அக்கா, இந்த வாரம் மட்டும்னு. அவளுக்கும் சரின்னேன். அப்பால இன்னொருத்தி வந்து நிக்கறா. அவளுக்கு மட்டும் இல்லன்னு சொல்ல முடியுமா?"

டாக்டருக்கும் சரி, அவர்களுக்கும் சரி. யாரிடமும் மறுக்காமல் இருந்தால் கடைசியில் அப்படித்தான் ஆகும். அதுவரை அவர் குணத்தை வைத்து எவ்வளவோ சிரித்திருக்கிறேன், சென்டரில் எல்லோரிடமும் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குப் பயமாக இருந்தது.

"மறுபடி மயக்கம் எதாவது வந்துச்சா? உண்மையச் சொல்லுங்க."

ஜன்னல் பக்கம் பார்த்தார். மலையில் விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "ஒரு தபா. புளிய மரத்தாண்ட. கண்ணு முன்னாடி யாரோ சீலையப் போட்டு மூடுன மாதிரி ஆச்சி. ஓரங்கட்டி நிறுத்திட்டேன். பின்னால பாட்டுப் பாடிக்கினு இருந்துச்சிங்க, அதுங்களுக்குத் தெரியாது. அப்பால தானா சரியாப் பூடுச்சி."

அவரை அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து அந்தப் பொங்கல் முழுவதையும் நானே சாப்பிட்டேன். கோபத்தில் ருசிகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை மலையே கண்ணில் படவில்லை. அவ்வளவு பனி. அவரை என் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, யார் கண்ணிலும் படாமல் கூட்டிப்போனேன். ஊசி போட்டேன். வலது கையைக் கம்பளிக்கு அடியில் சொருகி, அசைந்தால் தொலைத்துவிடுவேன் என்றேன். நீல வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மைக்கில் ஒரு சத்தமும் வரவில்லை. அவர் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. பேசினால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

இயந்திரத்தில் படுக்கவைத்துப் படம் எடுத்தேன். திரையில் மெதுவாக உருவம் கூடி வந்தது. மூளை எரிந்தது, அது எப்போதும் எரியும். கை இருட்டாக இருந்தது. நெஞ்சும் இருட்டாக, அடங்கிக் கிடந்தது. ஒரு நிமிடம் எனக்குள் சந்தோஷம் பொங்கியது. பிறகு படத்தை வெட்டி வெட்டிப் பார்த்தேன். இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் மேல்பக்கத்தில் ஒரு திட்டு. பக்கச் சுவரில் இன்னொன்று. இருட்டுத் தெருவில் இரண்டு வீட்டில் மட்டும் விளக்கு எரிவது போல இருந்தது. எம்ஆர்ஐயில் வெள்ளைக் கீற்று தெரிந்த அதே இடம்தான் முதல் திட்டு. அவ்வளவு துல்லியமான படத்தை அதற்கு முன் நான் எடுத்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் படத்தைப் பார்த்ததும் இதய டாக்டருக்குப் போன் செய்தார். பிறகு ஆட்டோ அக்காவை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். எங்கள் டாக்டருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். நிதானமாக, தப்புத் தப்பாக, எல்லாவற்றையும் சொன்னார். நெஞ்சில் நோய் இருக்கிறது. அணையவில்லை. இன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மாத்திரை கொடுப்பார்கள். துடிப்பு தறிகெட்டால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துத் திருப்ப, தோளுக்குக் கீழே ஒரு கருவி வைப்பார்கள். நேரத்தோடு தெரிந்தது நல்லது. "ஆனா ஆட்டோ வத்து, வேணாம். இனி எப்பவும் பிள்ளைங்களை ஏத்தி ஓட்டக் கூடாது."

ஆட்டோ அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"இது எவ்ளோ நாளா கீது சார்?"

"கரெக்டா சொல்ல முடியாதும்மா. கொஞ்ச நாளாவே இருக்கும்."

"அப்ப, புள்ளைங்க ஏறுனப்பவும் இருந்துச்சி" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவி வைத்தார்கள். மாத்திரையில் அவர் முகம் நிலா மாதிரி உப்பியது. சில மாதம் கழித்து மறுபடி படத்துக்கு வந்தபோது நடுச்சுவர் திட்டு அறவே இல்லை, மற்றது மங்கிப்போயிருந்தது. ஆட்டோவை ஊரில் வேறொரு பெண் எடுத்து ஓட்டுவதாகச் சொன்னார். அது நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. ஆனாலும் என் நினைவில் அவர் உட்கார்ந்திருப்பது அந்தப் பனி நாளில், ஆஸ்பத்திரி வண்டிக்காகக் காத்திருந்த எங்கள் வராந்தா பெஞ்சில்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லிடேம்மா. எல்லாருக்கும். என்னால ஆவாது."

நான் வாங்கவில்லை. என் கைகளைக் கட்டிக்கொண்டேன். "நீங்கதான் சொல்லணும் அக்கா. நான் சொன்னா, நாளைக்கு உங்ககிட்ட வந்து கையப் புடிப்பாங்க. நீங்க சரின்னுடுவீங்க."

அவர் முகம் வாடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

முதல் எண்ணை அழுத்தினார். "அலோ... நான்தாம்மா. நாளிக்கி..." அதோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டார். "இல்லம்மா. நாளிக்கி மட்டும் இல்ல. இனிமே வரமாட்டேன். நெஞ்சுல நோவு. உன் புள்ளய ஏத்தக் கூடாது நானு." போனை வைத்தார். அடுத்த எண். அதற்கடுத்தது. வர வர வார்த்தைகள் குறைந்தன. கடைசி ஆளிடம், "வரமாட்டேன்மா, வேற ஆளப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. போனை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"சரிக்கா, ஒடம்பப் பாத்துக்கன்னாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்." கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் துடைக்கவில்லை. "இவ்ளோதானாம்மா?" என்று கேட்டார். "வேணாம்னு சொன்னா இவ்ளோதான் ஆவுமா? இதுக்கா நான் அந்தப் புள்ளைங்களப் பின்னால ஒக்கார வெச்சிக்கினு போனேன்?"